முடக்குவாதம் என்று சொல்லி நான்கு மாதங்கள் ஆகின்றன: புதிது புதிதாக வரும் தொல்லைகளில் எது நோய், எது மருந்து, எது வேறு?

சுண்ணக்கட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கைவிரல் மூட்டுகளில் வந்த வீக்கத்துக்காக ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு நோய் மருத்துவர்) ஒருவரைப் பார்த்தேன். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்று அவர் சொல்லி நான்கு மாதங்கள் ஆகின்றன. இந்த நோய்க்காக இரத்தத்தில் தேடும் இரண்டு எதிர்ப்பொருள்களில் ஆர்ஏ ஃபேக்டர் சற்றே கூடுதலாக இருந்தது, ஆன்டி-சிசிபி இல்லை; உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் உயர்ந்திருந்தன. "இப்போதைக்கு முடக்குவாதம் என்றே வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குவோம்" என்றார். அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பள்ளி ஆசிரியை. நோய் முதலில் வெளிப்பட்டது கரும்பலகையில்தான். முதல் பாடவேளையில் சுண்ணக்கட்டியை இறுக்கிப் பிடிக்க முடியாமல் எழுத்துகள் கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே போகும். நான்காம் பாடவேளைக்குள் அதே கை பழையபடி நேராக எழுதிவிடும். கடைசி வரிசை மாணவி ஒருத்தி, "டீச்சர், காலையில உங்க கையெழுத்து வேற, மத்தியானம் வேற" என்று சொன்ன பிறகுதான் மருத்துவரிடமே போனேன்.

நோயைக் கட்டுப்படுத்த வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம், அதன் பக்கவிளைவைக் குறைக்க மறுநாள் ஃபோலிக் அமிலம், நோய்க்கே இன்னொரு மருந்தாக நாள்தோறும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், முதல் ஆறு வாரங்களுக்கு மட்டும் குறைந்த அளவில் ஸ்டீராய்டு என்று எழுதிக் கொடுத்தார். விரல் வீக்கம் நன்றாகவே வடிந்துவிட்டது. கழற்ற முடியாமல் இருந்த மோதிரம் இப்போது தானாகச் சுழல்கிறது. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அதற்கு முன் இல்லாத பல தொல்லைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. நள்ளிரவில் வலக்கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சில நிமிடங்களில் சரியாகிறது. மாலையானால் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது. காலையில் குரல் கம்மிப்போய், தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது போல இருக்கிறது. ஆசிரியர் தொழிலில் இது இயல்புதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் விடுமுறை நாள்களிலும் அப்படித்தான் இருக்கிறது. வலி ஒரு நாள் தோளில், மறுநாள் முழங்காலில் என்று இடம் மாறுகிறது. இடது குதிகாலில் மட்டும் போகாமல் நிற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேல் அசதி. தூங்கி எழுந்தும் தூங்காதது போன்ற அசதி. மாத்திரை போட்ட மறுநாள் அது இரட்டிப்பாகிறது.

சென்ற வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் இயல்பு நிலைக்கு வந்துவிட்டன. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும், அப்படியானால் இந்த வலியெல்லாம் என்ன என்ற கேள்வி எழுகிறது. அடுத்த சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. போனாலும் பத்து நிமிடங்கள்தான் கிடைக்கும். இவற்றையெல்லாம் வரிசையாக ஒப்பித்தால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கமும் உண்டு. இந்த நோயோடு பழகியவர்கள் இவற்றை எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்?


பதினோராம் ஆண்டு எழுதியது:

சகோதரி, எனக்கு முடக்குவாதம் வந்து இது பதினோராவது ஆண்டு. நீங்கள் எழுதியதில் ஏறக்குறைய பாதி எனக்கும் முதல் ஆண்டில் இருந்தது. ஆனால் எனக்கு இருந்தது என்பதற்காக உங்களுக்கும் அதே காரணமாகத்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தவறை நானே செய்து எட்டு மாதங்களை இழந்தவன்.

நோய் உறுதியானதும் உடம்பில் எது நடந்தாலும் அதன் கணக்கிலேயே எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அசதியா, முடக்குவாதம். உடல் எடை கூடுகிறதா, நடக்க முடியாததால். குளிர் தாங்கவில்லையா, இரத்தம் குறைவு. கடைசியில் வேறொரு காரணத்துக்காக எடுத்த பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் திசுக்களையே தாக்கும் நோய் ஒன்று இருப்பவருக்கு அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றும் வருவது அரிதல்ல என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். ஆகவே அசதி என்றால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீண்ட கால அழற்சியாலேயே இரத்தசோகை வரும். அது இரும்புச்சத்துக் குறைவால் வருவதிலிருந்து வேறானது என்பதால் சத்து மாத்திரையை நாமாக வாங்கிப் போடுவதில் பயனில்லை.

மாத்திரை போட்ட மறுநாள் அசதி இரட்டிப்பாகிறது என்கிறீர்களே, அது மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எனக்கு அந்த ஒரு நாள் தலைக்குள் பஞ்சு அடைத்தது போல இருக்கும், சாப்பாட்டின் வாசனையே பிடிக்காது. மருத்துவரிடம் சொன்னதும் ஃபோலிக் அமிலத்தின் அளவைக் கூட்டினார். அதிலும் சரியாகாமல் போனபோது மாத்திரையை ஊசியாக மாற்றினார். நான் விடுமுறைக்கு முந்தைய இரவில் போட்டுக்கொள்வதையே வழக்கமாக்கிக்கொண்டேன். எந்தக் கிழமையாக இருந்தாலும் சரி, அது ஒரே கிழமையாக இருக்கட்டும். அந்தப் பெயரை மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தவறுதலாக நாள்தோறும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பரிசோதனை இயல்பாக இருக்கும்போது ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் உடல் முழுவதுக்குமான அளவீடுகள். ஓரிரு மூட்டுகளில் மட்டும் அழற்சி தங்கியிருந்தால் அவை உயராமலும் இருக்கலாம். இன்னொன்று, மாதக்கணக்கில் வலியைச் சுமந்த நரம்பு மண்டலம், அழற்சி தணிந்த பிறகும் சிறு தொடுதலைக்கூட வலியாக உணர்ந்துகொண்டிருக்கும். முதலாவதற்கு நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவதற்கு அதைக் கூட்டிப் பயனில்லை, தூக்கமும் படிப்படியான உடற்பயிற்சியும் வேறு வகை மருந்துகளும் தேவைப்படும். இந்த வேறுபாட்டை மருத்துவர் கண்டுகொள்வதற்கு நாம் கொடுக்கும் குறிப்புதான் அவருக்குக் கைகொடுக்கும்.

குறிப்பு என்றதும் ஒரு வேடிக்கை. முதல் ஆண்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை முழுக்க நிரப்பிக்கொண்டு போனேன். மருத்துவர் இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். அதில் இருந்தவை என் மனக்குறைகள். அவருக்குத் தேவையானது ஒன்றும் இல்லை. இப்போது ஒரே தாள்தான். காலையில் எழுந்த நேரம், விரல்கள் முழுதாக மடங்கிய நேரம், அன்று உண்மையிலேயே வீங்கியிருந்த மூட்டு எது, மருந்து போட்ட கிழமை எது, அவ்வளவுதான். எழுந்த நேரத்துக்கும் மடங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி எனக்கு 90 நிமிடங்களாக இருந்தது; 15 நிமிடங்களுக்கு வந்து சேர ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஒரு வரிசை எண்களைப் பார்த்த பிறகு அவர் என்னிடம் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன. மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கவே 6 முதல் 12 வாரங்கள் ஆகும். முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகும்.


ஈரவிழி எழுதியது:

கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதில் எனக்கு அனுபவம் இல்லை. எனக்கும் மணல் உறுத்தலில்தான் தொடங்கியது. கணினித் திரையைக் குறை சொல்லிக்கொண்டே ஓராண்டு கழித்தேன். கண் மருத்துவர் கீழிமையில் ஒரு சிறு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடங்கள் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ நனைந்தால் கண் வறட்சி என்று பொருளாம், எனக்கு 3 கூட நனையவில்லை. கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் அழற்சி தாக்கும் ஷோக்ரென் நோய்க்குறி என்பதும் முடக்குவாதத்தோடு சேர்ந்து வருமாம். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறீர்களா, காய்ந்த உணவை விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா என்று கவனியுங்கள். வாய் வறண்டால் பல் விரைவில் சொத்தையாகும். எனக்கு இரண்டு பற்கள் போன பிறகுதான் இது தெரிந்தது.

நீங்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போடுவதால் விழித்திரையைத் தொடக்கத்திலேயே ஒருமுறை பார்த்துப் பதிவு செய்து வைக்க வேண்டும். அது உறுத்தலுக்கான பரிசோதனை அல்ல, வேறு. இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.


கைத்தாங்கி எழுதியது:

நான் இயன்முறை சிகிச்சையாளர். கை மூட்டு நோயாளிகளோடுதான் பெரும்பாலும் வேலை. இணையத்தில் எழுதியதைப் படித்து நோயைச் சொல்வது முறையாகாது. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லலாம்.

இரவில் மரத்துப்போவது எந்தெந்த விரல்கள் என்று அடுத்த முறை விழிக்கும்போது பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி ஆகியவை மட்டும் மரத்துச் சுண்டுவிரல் தெளிவாக இருந்தால், மணிக்கட்டில் உள்ள குறுகிய பாதை வழியாகச் செல்லும் நடு நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள் கொள்ளலாம். அந்தப் பாதையில் தசையை எலும்போடு இணைக்கும் ஒன்பது தசைநாண்களும் இந்த நரம்பும் சேர்ந்து செல்கின்றன. தசைநாண் உறை சற்றே வீங்கினாலும் இடம் போதாது. தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்வதால் நெரிசல் கூடுகிறது. உதறினால் சரியாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையையோ கழுத்தையோ பார்க்க வேண்டும். இரு கைகளும் கால்களும் சேர்ந்து மரத்தால் கதையே வேறு.

முதல் வகை என்றால், மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் மட்டும் கட்டிக்கொள்வது பலருக்குச் சில வாரங்களில் பலன் தருகிறது. பகலிலும் கட்டிக்கொண்டே இருக்காதீர்கள், தசை மெலிந்துவிடும். கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு மற்றக் கையைவிடத் தட்டையாகத் தெரிந்தாலோ, பொத்தான் போடும்போது நழுவினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்பு நெடுநாள் நெருக்கப்பட்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது.

அடுத்து, வலிக்கும் மூட்டும் வீங்கிய மூட்டும் ஒன்றல்ல. நண்பர் பதினோராம் ஆண்டு சொன்ன தாளில் "உண்மையிலேயே வீங்கியிருந்த" என்று இருப்பது முக்கியம். மூட்டின் இரு பக்கமும் மற்றக் கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழற்சி இருந்தால் பாதி ஊதிய பலூனை அமுக்குவது போல மெத்தென்று விட்டுக்கொடுக்கும், தோலின் சுருக்கங்கள் மறைந்திருக்கும். எலும்பு தேய்ந்து தடித்த மூட்டு கெட்டியாக இருக்கும். வலி மட்டும் இருந்து மெத்தென்ற உணர்வு இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். நோயின் தீவிரத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்த 28-இல் பாதமும் கணுக்காலும் வராது. குதிகால் வலியை நீங்களாகச் சொல்லாவிட்டால் அதைப் பற்றிய பேச்சே எழாமல் சந்திப்பு முடிந்துவிடக்கூடும். காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே போங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வதுண்டு.

அந்தக் குதிகாலில் வலி அடிப்பக்கமா, பின்பக்கம் நரம்பு போல் தடித்த தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்திலா?


நகக்கண் எழுதியது:

குதிகால் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கும் முதலில் சொன்னது முடக்குவாதம்தான். ஆர்ஏ ஃபேக்டரும் இல்லை, ஆன்டி-சிசிபியும் இல்லை. முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேற்பட்டவர்களுக்கோ இவை இல்லாமலே இருக்கும் என்பதால் அது தவறான முடிவும் அல்ல. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் என் கைகளைப் பார்க்கும்போது மூட்டை விட்டுவிட்டு நகங்களை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் ஊசியால் குத்தியது போல மூன்று நகங்களில் சின்னச் சின்னக் குழிகள். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிப் பார்த்தார். பல ஆண்டுகளாகப் பொடுகு என்று நான் நினைத்திருந்தது சொரியாசிஸ் என்ற தோல் நோய். நோயின் பெயர் சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், அதாவது அந்தத் தோல் நோயோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சி என்று மாறியது.

அந்த வகையில் மூட்டு மட்டுமல்ல, தசைநாண் எலும்பில் வந்து ஒட்டும் இடங்களும் அழற்சியடையும். குதிகாலின் பின்பக்கம் அதற்குப் பேர்போன இடம். ஒரே ஒரு கால்விரலோ கைவிரலோ முழுவதும் உருண்டு தடித்துவிடுவதும் உண்டு. பின்னிரவில் இடுப்பு வலித்து எழுந்து நடந்தால் குறைகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. உங்களுக்கு இதுதான் என்று சொல்லவில்லை. உங்கள் மருத்துவர் "இப்போதைக்கு" என்றார் அல்லவா, அவர் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். வீட்டில் இரத்த உறவினர் யாருக்காவது சொரியாசிஸ் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பெயர் மாறினால் சிகிச்சை முழுக்க மாறிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். எனக்கு மெத்தோட்ரெக்ஸேட் அப்படியே தொடர்ந்தது, பிற்பாடு சேர்த்த மருந்துதான் வேறு.


சுண்ணக்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு இரவுகள் விழித்தபோது பார்த்துவிட்டேன்: சுண்டுவிரல் மரக்கவில்லை. குதிகால் வலி பின்பக்கம்தான். நகத்தில் குழி எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் காதுக்கு மேல் ஒரு திட்டு இருக்கிறது, அதை நானும் பொடுகு என்றுதான் நினைத்திருக்கிறேன்.

குரலைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் தொழில் என்பதால் கூடுதல் கவலை. இன்னொன்று: குதிகாலுக்கும் தோளுக்குமாக ஒரு வலி மாத்திரையை ஏறக்குறைய நாள்தோறும் இரவில் போட்டு வருகிறேன். முன்பு தலைவலிக்கு வாங்கியது. அது ஒன்றும் தவறில்லையே?


இரவுப்பணி எழுதியது:

அம்மா, நான் பணி ஓய்வு பெற்ற செவிலியர். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அவற்றை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்து மருத்துவர்களே தருவதுண்டு. ஆனால் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டுதான் தருவார்கள். அவருக்குத் தெரியாமல் போடுவது அந்தக் கணக்கையே குலைத்துவிடும். இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டாம்.

அந்த மாத்திரை உங்கள் குரலோடும் தொடர்புடையதாக இருக்கலாம். குரல்வளைக்குள் குரல்நாண்களைத் திறந்து மூடும் ஒரு ஜோடிச் சிறு மூட்டுகள் இருக்கின்றன. முழங்காலில் இருப்பது போன்ற அதே வகைச் சவ்வு அவற்றுக்கும் உண்டு. முடக்குவாதம் அவற்றையும் தாக்கும். தொண்டையில் ஏதோ சிக்கிய உணர்வும் கம்மலும் அதனால் வரலாம். கண்ணைப் போலவே தொண்டையும் வறண்டு கம்மலாம். ஆனால் இரவில் வலி மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுப்பவருக்கு, வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைப் புண்ணாக்குவது இவற்றைவிட மிகச் சாதாரணமாக நடப்பது; அதில் காலையில்தான் குரல் மோசமாக இருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடங்களில் தெரிந்துவிடும். எப்போதாவது அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து தர நேர்ந்தால், குரல் கம்மலையும் கழுத்து வலியையும் மயக்கவியல் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இதுவரை எழுதியவர்கள் நல்ல முறையில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் தாளில் எழுதிக்கொண்டு சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாதவையும் சில உண்டு. இரவுப் பணியில் இவற்றோடு தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருப்பதால் எழுதுகிறேன். மற்ற மூட்டுகளெல்லாம் அமைதியாக இருக்க ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, கொதித்து, அசைக்கவே முடியாமல் போனால், அதை நோயின் ஏற்றம் என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், ஒரு சில நாள்களில் மூட்டையே அழித்துவிடும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல்கூடத் தெரியாமல் இருக்கக்கூடும். கண் உறுத்துவது வேறு; கண் சிவந்து ஆழமாக வலித்து வெளிச்சம் பட்டால் கூசினால் அன்றே போக வேண்டும். புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால், அரிதாக மெத்தோட்ரெக்ஸேட் நுரையீரலைத் தாக்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். வாய்ப்புண்ணோடு காய்ச்சலும் காரணமில்லாத கன்றிய தடங்களும் சேர்ந்து வந்தால், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, சிறுநீர்த் தொற்று என்று வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் முதலில் மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதைச் சொல்லுங்கள். டிரைமெத்தோபிரிம் உள்ள ஆன்டிபயாட்டிக்கை இதோடு சேர்க்கக் கூடாது. உங்களைக் கலவரப்படுத்த இதையெல்லாம் எழுதவில்லை. இவற்றில் எதுவும் உங்கள் விவரத்தில் இல்லை.


பதினோராம் ஆண்டு எழுதியது:

மிகைப்படுத்துகிறேன் என்று மருத்துவர் நினைப்பாரோ என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் காதில் விழாது என்பது உண்மை. நான் உள்ளே போய் உட்கார்ந்ததும், "மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும், முதலாவதுதான் அவசரம்" என்று தொடங்குவேன். மூன்றையும் முடிக்காமல் எழ மாட்டேன். சொல்லாமல் மறைத்தவைதான் பிற்பாடு எனக்குத் தொல்லை கொடுத்திருக்கின்றன. சொல்லிக் கேலிக்கு ஆளானதாக ஒன்றும் நினைவில்லை. அசதியை மட்டும் "அசதியாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். "நான்காம் பாடவேளையில் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம் நடத்துகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.


சுண்ணக்கட்டி எழுதியது:

சந்திப்பு முடிந்துவிட்டது. பின்னால் இதைத் தேடிப் படிப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

வலி மாத்திரையைப் பற்றி அன்றே தொலைபேசியில் கேட்டேன். உடனே நிறுத்தச் சொல்லி, சிறுநீரகப் பரிசோதனை ஒன்றும் எடுக்கச் சொன்னார்கள். அது நல்லபடியாக இருந்தது. தொண்டை மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்தார். குரல்நாண்கள் இரண்டும் ஒழுங்காகவே அசைகின்றன, ஆனால் பின்பக்கம் சிவந்து தடித்திருக்கிறது, அமிலத்தின் வேலை என்றார். மாத்திரையை நிறுத்திப் பதினேழு நாள்கள் ஆகின்றன. காலைக் கம்மல் முழுக்கப் போகவில்லை, ஆனால் முதல் பாடவேளையில் கடைசி வரிசைக்குக் குரல் எட்டுகிறது.

கண்ணில் காகிதப் பட்டை 7 மில்லிமீட்டர் நனைந்தது. இரண்டுங்கெட்டான் அளவாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து தந்து ஆறு மாதங்கள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டத் தொடங்கிய பின் வாரத்தில் ஓரிரு முறைதான் விழிக்கிறேன். ஹீமோகுளோபின் 10.2, குறைவுதான். தைராய்டில் குறையில்லை.

தாளைப் பார்த்துவிட்டு ருமட்டாலஜிஸ்ட் முதலில் கேட்டது குதிகாலைத்தான். நான் கழற்றி வைத்திருந்த காலணியைப் பார்த்துச் சிரித்தார். அழுத்திப் பார்த்துவிட்டு, தசைநாண் ஒட்டும் இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் எழுதினார். காதுக்கு மேல் இருக்கும் திட்டைக் காட்டினேன். தோல் மருத்துவர் பார்க்கட்டும் என்றார். மெத்தோட்ரெக்ஸேட்டைக் கூட்டவில்லை, மறுநாள் அசதிக்காக ஃபோலிக் அமிலத்தை மட்டும் கூட்டியிருக்கிறார். வெளியே வந்து கோப்பைத் திறந்து பார்த்தபோது, முடக்குவாதம் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். தோல் மருத்துவரை வருகிற செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன்.